‘இதரம்’ என்ற மூட்டை

பத்தாம் வகுப்பு ‘டி’ பிரிவு மாணவி ஒருத்தி



ஒரு நாள் ஆங்கில வகுப்பில் எங்கள் ஆசிரியை கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதிப் போட்டார். மிசலேனியஸ், சண்ட்ரி, அசார்ட்டட், மாட்லி, மெட்லி, ஜம்பிள், ஹாட்ச்பாட்ச், போபூரி, ஃபராகோ, ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ் என்பவையே அவை. “ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் இவை. நாளைக்கு ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைத்து வாருங்கள்” என்றார்.

அன்றிரவு எனக்குச் சோம்பல். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதானே என்று எண்ணி, “என் மேசை இழுப்பறையில் பலவகைப் பொருள்கள் உள்ளன” என்ற ஒரே வாக்கியத்தைப் பத்து முறை எழுதி, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. பத்து வாக்கியங்களுக்கும் சேர்த்து ஒரே சிவப்புக் கோடு. அதன் அடியில், “உன் இழுப்பறையில் சண்டையும் நடக்கிறதா? குழம்பும் கொதிக்கிறதா? மாட்டுத் தீவனமும் இருக்கிறதா?” என்று எழுதியிருந்தார். தோழியர் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விகளின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அதே வாரத்தில்தான் அறிவியல் கண்காட்சியும் நடந்தது. எங்கள் ‘டி’ பிரிவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏ, பி, சி பிரிவுகளில் இடம் நிறைந்த பிறகு சேர்ந்தவர்களைக் கொண்டு அமைந்தது எங்கள் பிரிவு. தந்தையின் வேலை மாற்றத்தால் வேற்றூர்களிலிருந்து வந்தவர்கள், தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியவர்கள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், சென்ற ஆண்டுத் தேர்வில் தவறி மீண்டும் படிப்பவர்கள் என்று எல்லாரும் இருக்கிறோம். கண்காட்சியைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் எங்கள் மேசையருகே நின்று, நாங்கள் யார் யார் என்று அன்போடு விசாரித்தார். கேட்டு முடித்ததும் புன்னகையுடன், “ஓகோ, அப்படியானால் இது மிசலேனியஸ் செக்‌ஷன்!” என்றார். எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இவ்வகுப்பை இரண்டாம் முறை படிப்பவள். தலையைக் குனிந்துகொண்டு, சரியாகவே இருந்த படத்தாளின் ஊசிகளைப் பிடுங்கி மறுபடியும் குத்திக் கொண்டிருந்தாள்.

அந்தப் பெரியவரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் சொன்னதில் தீய எண்ணம் துளியும் இல்லை. எங்கள் மாதிரிகளைப் பாராட்டிவிட்டுத்தான் போனார். ஆனால், ஒரே பொருள் என்று நான் அலட்சியமாக எழுதிய பத்துச் சொற்களுள் ஒன்று, என் தோழியின் தலையைக் குனிய வைத்ததைக் கண்டேன். அதன் பிறகுதான் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். படித்தபின் என் கருத்து இதுதான்: இந்தச் சொற்கள் ஒரே பொருள் உடையவை அல்ல. ஒவ்வொன்றும் குவியலைப் பற்றிச் சொல்வதோடு, அந்தக் குவியலைப் பார்க்கும் கண் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆகவே அவற்றைக் கையாளும்போது நாம் கவனமாயிருக்க வேண்டும்.

முதலில் சமையலறைக்குப் போவோம். ஆங்கிலேயர்கள் கலவைக்குப் பெயர் வைக்க வேண்டியபோதெல்லாம் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள் போலும்! ஹாட்ச்பாட்ச் என்பது பிரெஞ்சுக்காரர்களின் ‘ஹோஷ்போ’ என்ற சொல்லிலிருந்து வந்தது. குலுக்குதல், பானை என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. இறைச்சியும் காய்கறியும் ஒரே பானையில் வெந்த குழம்புக்கு அது பெயர். காலிமாஃப்ரி, சால்மகண்டி என்று வாயில் நுழையாத வேறு இரண்டு சொற்களும் உள்ளன. அவையும் பிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்தவைதாம்.

இவற்றுள் போபூரியின் கதை மிகவும் சுவையானது. ஸ்பெயின் நாட்டில் பலவகை இறைச்சிகளும் காய்களும் சேர்த்துச் செய்யும் ஒரு குழம்புக்கு ‘ஒய்யா பொத்ரிதா’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அழுகிய பானை’ என்று பொருள்படும்! பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில் அப்படியே பெயர்த்து ‘போபூரி’ என்றார்கள். ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், பின்னாளில் உலர்ந்த ரோஜா இதழ்களையும் வாசனைச் சரக்குகளையும் கலந்து, அறை மணக்க ஒரு கிண்ணத்தில் வைக்கும் கலவைக்குப் பெயராகிவிட்டது. அழுகல் என்று பிறந்த சொல் நறுமணம் என்று வளர்ந்திருக்கிறது. சொல்லுக்கே இந்த நல்வாழ்வு கிடைக்குமானால் மனிதர்களுக்குக் கிடைக்காதா?

குழம்புச் சொற்களுக்கு ஒரு தன்மை உண்டு. பானைக்குள் போனவை ஒன்றின் சுவையை ஒன்று வாங்கிக்கொள்ளும். பழையபடி பிரித்தெடுக்க முடியாது. நம் அவியலும் கூட்டாஞ்சோறும் அப்படித்தானே? கதம்பம் அப்படியன்று. மல்லிகை மல்லிகையாகவும், கனகாம்பரம் கனகாம்பரமாகவும், மரிக்கொழுந்து மரிக்கொழுந்தாகவும் ஒரே நாரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவியலைக் கதம்பம் என்று தமிழில் நாம் மாற்றிச் சொல்ல மாட்டோம். ஆங்கிலத்தில் மட்டும் கிடைத்த சொல்லைக் கிடைத்த இடத்தில் போட்டுவிடுகிறோம். நான் என் இழுப்பறையை ஹாட்ச்பாட்ச் என்றேன். உள்ளே இருந்த பென்சிலும் பொத்தானும் ஒன்றோடொன்று வேகவில்லையே! ஆசிரியை ஏன் “குழம்பு கொதிக்கிறதா” என்று கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மாட்டுத் தீவனத்தின் கதையும் விளங்கிற்று. ஃபராகோ என்பது லத்தீன் சொல். ரோமானியர்கள் பலவகைத் தானியங்களைக் கலந்து மாட்டுக்கு வைத்த தீனிக்கு அது பெயர். இன்றும் அச்சொல்லில் மரியாதை குறைவு. பொய்களும் பிதற்றல்களும் சேர்ந்த குவியலைத்தான் பெரும்பாலும் ஃபராகோ என்பார்கள்.

சண்டையின் கதை இன்னும் வேடிக்கை. மெட்லி என்றால் இன்று நமக்குப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். பல பாட்டுகளிலிருந்து ஓரோர் அடி எடுத்துத் தொடுத்துப் பாடுவதையும், நான்கு வகை நீச்சலையும் ஒரே பந்தயத்தில் நீந்துவதையும் மெட்லி என்கிறார்கள். ஆனால் பழைய பிரெஞ்சில் இச்சொல்லுக்குப் போர்க்களத்தில் ஆளோடு ஆள் மோதிக் கலந்துவிடும் சண்டை என்பதே பொருள். இதைப் படித்தபோது நம் ‘கைகலப்பு’ என்ற சொல் நினைவுக்கு வந்தது. கையும் கையும் கலப்பதற்கு நாமும் சண்டை என்றுதானே பொருள் கொண்டோம்? சண்டையாகப் பிறந்த கலப்பு சங்கீதமாக முடிந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் பிரிவில் நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுத்தது துணிக்கடை. மாட்லி என்பது பலநிற நூல்களால் நெய்த துணி. பிறகு அது அரசவைக் கோமாளி அணியும் பலவண்ண உடைக்கும் பெயராயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் டச்ஸ்டோன் என்ற கோமாளி அந்த உடையில்தான் வருகிறான். ஆகவே ஒரு கூட்டத்தை மாட்லி என்று சொல்லும்போது, எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் அதனுள்ளே கோமாளியின் சிறு மணி ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே நாடகத்தில் ஜாக்கஸ் என்ற பிரபு, தனக்கும் அந்த உடை வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அதை அணிந்தவனுக்கு மட்டுமே யாரிடமும் உண்மையை அஞ்சாமல் சொல்லும் உரிமை உண்டு என்பது அவன் எண்ணம். பிறர் நகைக்கும் உடையிலும் ஒரு பெருமை இருப்பதை அவன் கண்டுகொண்டான்.

பலவண்ணத்தை இகழாமல் போற்றியவர்களும் ஆங்கிலத்தில் உண்டு. ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் என்ற இயேசு சபைத் துறவி 1877ஆம் ஆண்டில், தாம் குருப்பட்டம் பெற்ற ஆண்டில், ‘பைட் பியூட்டி’ என்று ஒரு சிறு கவிதை எழுதினார். பைட் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் திட்டுத்திட்டாக உள்ளது என்று பொருள். புள்ளியும் திட்டும் கொண்ட பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவற்றுக்காக இறைவனைப் புகழும் கவிதை அது. அவர் 1889இல் மறைந்தார். கவிதைகள் நூலாக வந்தது 1918இல்தான். பலநிறக் குவியலைப் பார்த்து மற்றவர் சிரித்த இடத்தில் அவர் முழந்தாளிட்டார். பொருள்கள் அவையேதாம். பார்த்த கண்தான் வேறு.

இனி அலுவலகச் சொற்களுக்கு வருகிறேன். அசார்ட்டட் என்பது வகைபார்த்துச் சேர்த்ததைக் குறிக்கும். பிஸ்கோத்துப் பெட்டியின் மேல் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவற்றை ஒருவர் தெரிந்தெடுத்து அடுக்கியிருக்கிறார் என்பது அதன் குறிப்பு. ஜம்பிள் என்பதில் தெரிந்தெடுப்பும் இல்லை, அடுக்கும் இல்லை, வெறும் குவியல். ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ் என்பது வேலை முடிந்தபின் எஞ்சிக் கிடக்கும் துண்டு துணுக்குகள்.

மிசலேனியஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘கலந்தது’ என்பதே வேர்ப்பொருள். அதில் இகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் அது இன்று எங்கே வழங்குகிறது? கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில். கோப்புகளின் கடைசி அடுக்கில். பெயருள்ளவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்த பிறகு, மேலும் பார்க்கப் பொறுமை இல்லாதபோது நாம் ஒட்டும் சீட்டு அது. தமிழில் ‘இதரம்’ என்கிறோம். பெரியவர் சொன்ன சொல் என் தோழியைச் சுட்டதற்குக் காரணம் இதுதான். ‘உன்னை மேலே பார்க்க வேண்டியதில்லை’ என்று அவள் காதில் விழுந்துவிட்டது.

இதரம் என்று மூட்டை கட்டிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். ஒன்று பெரிய உலகத்தில் நடந்தது. மற்றொன்று எங்கள் வீட்டில் நடந்தது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள், பூச்சிகள் என ஐந்து வகுப்புகள். ஆறாவது ‘புழுக்கள்’. அதில் மண்புழு மட்டுமா இருந்தது? நத்தை, சிப்பி, கணவாய், நட்சத்திரமீன், சொறிமீன், பவளம் எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் கிடந்தன. உலகத்தையே வகைப்படுத்திய அப்பேரறிஞருக்கும் ஓர் இதரம் தேவைப்பட்டிருக்கிறது! 1793இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் பதவிகளைப் பங்கிட்டபோது, பூச்சிகளும் புழுக்களும் லமார்க் என்பவரிடம் வந்தன. அதுவரை அவர் பெயர் பெற்றிருந்தது தாவரவியலில். வயதோ ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. அவர் அந்த மூட்டையைச் சலிக்காமல் பிரித்தார். நண்டு இனங்களும் சிலந்தி இனங்களும் வளைதசைப் புழுக்களும் தனித்தனி வகுப்புகளாயின. முதுகெலும்பற்றவை என்று இன்று நம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தப் பெயரை வழங்கியவரும் அவரே. 1815 முதல் 1822 வரை அவற்றைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இறுதியில் பார்வை போயிற்று. மகளின் உதவியோடு வேலையைத் தொடர்ந்தார். கண்ணொளி குன்றிய ஒருவர், மற்றவர் கண்ணெடுத்துப் பாராத உயிர்களைப் பார்த்துப் பெயர் சொன்னார் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் அம்மா மாதக் கணக்கை ஒரு நீளநோட்டில் எழுதுவார். வாடகை, அரிசி, பலசரக்கு, பால், மின்சாரம், பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘இதரம்’ என்று ஒரு தொகை நிற்கும். மாத முடிவில் அப்பா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, இந்த இதரத்தில் கொஞ்சம் குறைக்கலாமே?” என்பார். அம்மா மறுபேச்சுப் பேசுவதில்லை. அகராதி பார்த்த வாரத்தில் நான் அம்மாவிடம், “இதரத்தில் என்னென்ன இருக்கிறது, சொல்லுங்களேன்” என்று கேட்டேன். அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: தம்பியின் நாடகத்துக்கு வண்ணத்தாள், பாட்டியின் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்த கூலி, பக்கத்து வீட்டு அக்காவின் வளைகாப்புக்கு வளையல், கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லறையில் ஏற்ற மெழுகுவத்தி, எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய பழம், வாசலில் வந்து நின்ற ஒரு முதியவருக்குக் கொடுத்தது. அவ்வளவுதான். அம்மா தமக்கென்று வாங்கியது அதில் ஒன்றுமே இல்லை.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டின் அன்பெல்லாம் இத்தனை நாளும் ‘இதரம்’ என்ற பெயரில் கடைசி வரியில் கிடந்திருக்கிறது! பெயரில்லாமல் கிடந்ததால்தான் குறைப்பு என்று வந்தபோது முதலில் அதன்மேல் கை போயிருக்கிறது. அரிசியைக் குறை என்று எவரும் சொல்வதில்லை. ஏனெனில் அது அரிசி. ஒரு தாளில் அம்மா சொன்னதை வரிசையாக எழுதி நோட்டுக்குள் வைத்தேன். அப்பா படித்தார். ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, “பாட்டியின் கண்ணாடி இப்போது சரியாக நிற்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அந்த மாதம் முதல் இதரத்தைக் குறைக்கும் பேச்சு எழவில்லை.

இவ்வளவையும் கேட்ட என் வகுப்புத் தோழி ஒருத்தி, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவள், என்னை மடக்கினாள். “ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சொல்லிக் கொண்டிருந்தால் பொழுது போதுமா? அறுபது பேர் உள்ள வகுப்பை ஆசிரியை எப்படி நடத்துவார்? எந்த அலமாரிக்கும் ஒரு கடைசித் தட்டு வேண்டாமா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு. லின்னேயஸுக்கே கடைசித் தட்டு வேண்டியிருந்ததே! ‘முதலியன’ என்ற சொல் இல்லாமல் நாம் எழுதவும் முடியாது. கடைசித் தட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள் என்றுதான் சொல்லுகிறேன். பொருள்கள் அதில் காத்திருக்கலாம். மனிதர்கள் வெகுநாள் காத்திருக்கலாகாது.

மேலும், குவியலுக்குச் சொல் தேடும்போது நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இவை ஒன்றாகக் கலந்து மாறிவிட்டனவா, அல்லது பக்கத்தில் பக்கத்தில் மட்டும் இருக்கின்றனவா? இவை தெரிந்தெடுத்தவையா, எஞ்சியவையா? குவியலில் இருப்பவர்கள் மனிதர்களானால், இந்தச் சொல்லை அவர்கள் காதுபடச் சொல்ல எனக்கு மனம் வருமா? முதல் இரண்டும் ஆங்கிலத் தேர்வுக்கு உதவும். மூன்றாவது வாழ்க்கைக்கு உதவும்.

அப்படியானால் எங்கள் ‘டி’ பிரிவுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்பீர்கள். இரண்டு சொற்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று, சண்ட்ரி. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் ‘தனித்தனியான’ என்று பொருள். ‘ஆல் அண்ட் சண்ட்ரி’ என்ற தொடரை இன்று ‘யார் எவரென்று பாராமல் எல்லாரும்’ என்ற பொருளில் அலட்சியமாகச் சொல்கிறோம். அதன் பழைய பொருளோ ‘எல்லாரும் சேர்ந்தும், ஒவ்வொருவர் தனித்தனியாகவும்’ என்பது. ஒரு வகுப்பை அழைக்க இதைவிட மரியாதையான சொல் உண்டா?

இரண்டாவது, ஹாட்ச்பாட். நான் குழம்பு என்று சொன்ன அதே சொல்தான். ஆனால் ஆங்கிலேயர் சட்டத்தில் அதற்கு வேறொரு பொருள் இருந்தது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது, முன்னமே அவரிடம் பங்கு பெற்றவர்கள் அதையும் பொதுப் பானையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 1670ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தந்தை விட்டுச்சென்றது 5,000 பவுன், மூன்று பிள்ளைகள், ஒரு மகள் திருமணத்தின்போதே 1,000 பவுன் பெற்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரத்தையும் சேர்த்து 6,000 என்று கணக்கிட்டு, ஆளுக்கு 2,000 என்று வகுத்து, அவளுக்கு இன்னும் 1,000 மட்டும் கொடுப்பார்கள். 1995ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்தால் இங்கிலாந்தில் இந்த முறை நீங்கிவிட்டது. சட்டம் நீங்கினாலும் அதன் கருத்து எனக்குப் பிடித்திருக்கிறது. குலுக்கிய பானை என்பது குழப்பத்துக்கு மட்டும் பெயரன்று. ஒருவரும் குறைந்துவிடாதபடி எல்லாரும் கொண்டுவந்து சேர்க்கும் நீதிக்கும் அது பெயராயிருந்திருக்கிறது.

எங்கள் கண்காட்சி மேசையும் அப்படித்தான் உருவாயிற்று. விடுதித் தோழியர் விடியலில் எழுந்து காற்றாலை மாதிரிக்கு அட்டை வெட்டினார்கள். தமிழ் வழியிலிருந்து வந்தவள் விளக்கத் தாள்களைப் பிழையில்லாத தமிழில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். வேற்றூரிலிருந்து வந்தவள் தன் பழைய பள்ளியில் செய்த ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தாள். ஆடியையும் மெழுகுவத்தியையும் எந்தத் தொலைவில் வைத்தால் திரையில் பிம்பம் தெளிவாக விழும் என்பது எங்களில் ஒருத்திக்குத்தான் அளந்து பாராமலே தெரிந்திருந்தது. அவள்தான் இவ்வகுப்பை இரண்டாம் முறை படிப்பவள். சென்ற ஆண்டை அவள் இழந்துவிட்டதாக நாங்கள் நினைத்திருந்தோம். அவளோ அதையும் பானையில் கொண்டுவந்து சேர்த்தாள். அந்தத் திரையில் விழுந்த தலைகீழ்ச் சுடரைப் பார்க்கத்தான் அன்று எங்கள் மேசையில் அத்தனை கூட்டம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். “என் பெயரைப் போட வேண்டாம், மற்றது அப்படியே இருக்கட்டும்” என்றாள். ஆகவே இங்கே பெயர் இல்லை. ஆனால் வகுப்பில் நாங்கள் அவளைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறோம்.

பத்து வாக்கியங்களையும் புதிதாக எழுதிக் கொண்டுபோனேன். இழுப்பறையைக் காலிசெய்து பார்த்துவிட்டு, அதற்கு ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ் என்ற ஒன்றே பொருத்தம் என்று முடிவு செய்தேன். அடியில் ஒரு மூலையில் தாத்தாவின் பழைய பேனாமுள் கிடைத்தது. அதை மட்டும் அந்தச் சொல்லில் சேர்க்கவில்லை. தனியே எடுத்து வைத்தேன். ஆசிரியை இம்முறை சிவப்பு மையால் பத்துச் சரிக்குறிகள் போட்டிருந்தார்.

தோழியரே, இந்த மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் எழுதியவற்றைத் தொகுத்த நூலை ஆங்கிலத்தில் மிசலேனி என்பார்கள். மேகசின் என்ற சொல்லுக்கோ ‘கிடங்கு’ என்று பொருள். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லை ஓர் இதழுக்குப் பெயராக முதலில் சூட்டியது 1731இல் லண்டனில் தொடங்கிய ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’. நாமோ இதை ஆண்டு மலர் என்கிறோம். கிடங்கு என்று நினைத்தால் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடலாம். மலர் என்று நினைத்தால் கவிதையையும், கோலத்தையும், சமையல் குறிப்பையும், ஆறாம் வகுப்புத் தங்கை எழுதிய விடுகதையையும் ஒவ்வோர் இதழாகத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணக்கின் கடைசி வரியை ஒரு முறை விரித்துப் படியுங்கள். தோழியரே, நாளை காலை மணி அடிப்பதற்கு முன், வகுப்பில் இதுவரை நீங்கள் பெயர் கேட்காத ஒருத்தியிடம் போய், “உன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். நான் வேண்டுவது அவ்வளவே.